ஊருக்கு ஆறு படம்: மூன்றாவது படத்துக்கு ஆட்கள் ஏன் வரவில்லை?

மட்டக்களப்புக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்து வாசிகசாலையை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வருகிற பருவத்தில் ஊர்ச் சனங்களுக்காக ஆறு படங்கள் இலவசமாகப் போட இருக்கிறோம். என்ன படங்கள் போடலாம்? புறொஜெக்டர் எத்தனை லூமன் வேண்டும்? அனுமதி யாரிடம் எடுப்பது?" இவ்வளவும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். போன வருடம் முதல் நாள் 150 பேர் வந்தார்களாம், மூன்றாவது படத்துக்கு 20 பேர்கூட இல்லையாம். எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. நல்ல படம் தெரிவு செய்யாததால்தான் ஆட்கள் போய்விட்டார்கள் என்று அவர் நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆகவே படப் பட்டியலைப் பிறகு பார்ப்போம்.

நான் கல்யாண வீட்டுக்கும் கோயில் சடங்குக்கும் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தவன். கடந்த பதினைந்து வருடமாக மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் கல்முனை, திருக்கோவில் பக்கமும் திரை கட்டிப் படம் காட்டுகிறேன். வெளிச்சம், சத்தம் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சட்டம் பற்றிச் சொல்வது படித்தும் கந்தோர் கந்தோராக அலைந்தும் தெரிந்துகொண்டது, நான் சட்டத்தரணி இல்லை. எந்தப் படம் பிடிக்கும், எது பிடிக்காது என்பதெல்லாம் என் அபிப்பிராயம். வேறொரு ஊரில் அது பிழையாகவும் போகலாம்.

முதலில் நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்தில் திறந்தவெளிப் படக்காட்சிக்குப் பொருந்தும் கிழமைகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஐப்பசி பிறந்தால் மழை. கார்த்திகை, மார்கழியில் வெள்ளமும் புயலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 1978 புயலும் கார்த்திகையில்தான் அடித்தது, ஊரில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். தை கடந்து மாசி, பங்குனியில் வானம் தெளியும், ஆனால் அது பெரும்போக அறுவடை. படுவான்கரையில் வயல் விளைந்து நிற்கும் காலத்தில் யானை இறங்கும். இருட்டியபின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மைல் நடந்து வாருங்கள் என்று அந்தச் சனத்திடம் கேட்பது நியாயமில்லை. நோன்பு வேறு வருடா வருடம் 11 நாள் முன்னே வந்துகொண்டிருக்கிறது. இப்போதைய வருடங்களில் அது மாசி, பங்குனிப் பக்கம் விழுகிறது. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது போன்ற ஊர்களுக்குப் பக்கத்தில் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். சித்திரை வருசப் பிறப்போடு போய்விடும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. அதன் நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடியும் வரைக்கும் எந்த ஊரிலும் வேறு எதற்கும் ஆள் சேராது, சேர்க்க நினைப்பதும் சரியில்லை.

ஆக, மிஞ்சுவது குளிர்த்தி முடிந்ததிலிருந்து அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தம் வரையான இடைவெளி. வருடத்தைப் பொறுத்து ஆறு சனிக்கிழமையோ அதற்கு மேலோ வரும். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் உகந்தைப் பக்கம் போயிருப்பார்கள், அந்தக் குறை இருக்கும். பரவாயில்லை. உங்கள் ஆறு படங்களுக்கும் இந்த இடைவெளி அளவெடுத்துத் தைத்தமாதிரிப் பொருந்தும். பரீட்சைத் திகதிகள் இப்போதெல்லாம் ஒவ்வொரு வருடமும் மாறுகின்றன, அதை மட்டும் பாடசாலையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

போன வருடம் நீங்கள் முதல் படத்தை ஒரு வெள்ளிக்கிழமையும், இரண்டாவதை இரண்டு கிழமை கழித்து ஞாயிற்றுக்கிழமையும், மூன்றாவதை வேறொரு வளவிலும் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்கள் வராததற்கு இதுதான் முதற்காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். கிழமையில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று இருக்க வேண்டும். வெள்ளி கோயில் பூசைக்குரியது. ஞாயிறு இரவு அடுத்த நாள் பாடசாலைக்கு உடுப்பு அழுத்துகிற நேரம். சனிதான் எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்துக்குச் சரி. ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை என்று வைத்தால் எந்தச் சனிக்கிழமை என்று சனத்துக்குக் குழப்பம் வரும். ஆறு கிழமையும் தொடர்ந்து போட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். நாலாம் கிழமையில், "இண்டைக்குச் சனிக்கிழமை, படம்" என்று சின்னப் பிள்ளைகள் வீட்டில் சொல்லத் தொடங்கும். அதற்குப் பிறகு உங்களுக்கு நோட்டீஸ்கூடத் தேவைப்படாது.

நேரத்துக்கு வருவோம். ஆனி, ஆடியில் எங்களுக்குச் சூரியன் மறைவது மாலை 6.20 அளவில், 6.50க்குத் திரையில் படம் தெளியும். 7 மணிக்குத் தொடங்குவதாக அறிவித்தால் 7 மணிக்கே தொடங்குங்கள், பத்துப் பேர் இருந்தாலும். மறுபக்கம் இரவு 10 மணி ஒரு சுவர். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டது. சில விசேட நாட்களுக்குத்தான் விதிவிலக்கு. இடைவேளையையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டே முக்கால் மணி நேரப் படம் அந்தச் சுவரில் போய் இடிக்கும். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு உட்பட்ட படங்களாகத் தேடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளிவாசல் பக்கத்தில் இருந்தால் இஷா பாங்கு ஏழரை தாண்டி வரும். படத்தில் அந்த நேரத்துக்கு என்ன காட்சி ஓடும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்து, பாங்கு சொல்லும்போது நிறுத்தி, முடிந்ததும் தொடருங்கள். இதை ஒரு ஊரில் நாங்கள் யாரும் கேட்காமலே செய்தோம். அடுத்த கிழமை அந்தப் பள்ளித் தெருவிலிருந்தும் ஆட்கள் பாயோடு வந்தார்கள்.

புறொஜெக்டர் பற்றி நீங்கள் நிறையக் கவலைப்படுகிறீர்கள், அவ்வளவு தேவையில்லை. 12 அடிக்கு 7 அடித் திரை 84 சதுர அடி. 3000 ஆன்சி லூமன் (முறைப்படி அளந்த வெளிச்ச அளவு) புறொஜெக்டர் என்றால் ஒரு சதுர அடிக்கு 35 லூமன் வரும். திரையரங்குக்கே 16 போதும் என்பதுதான் அளவு. விளக்கு பழசாகிப் பாதியாகக் குறைந்தாலும் உங்களுக்குக் காணும். ஆனால் பெட்டியில் ‘ஆன்சி’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் விற்கும் மலிவுப் பெட்டிகளில் 9000 என்று போட்டிருக்கும், கட்டிப் பார்த்தால் சில நூறுதான் தேறும். நிலவு வெளிச்சம் படத்தைக் கெடுக்கும் என்று பூரணை நாளைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். முழு நிலவு அரை லக்ஸ்கூட இல்லை. திரைக்குப் பக்கத்தில் எரியும் ஒரு தெருவிளக்கு அதைவிடப் பல மடங்கு. அந்த விளக்குக்கு ஒரு மறைப்புக் கட்டுவதற்குப் பிரதேச சபையில் பேசுங்கள். நிலவு இருந்தால் நல்லதுதான், வயதானவர்கள் வீட்டுக்குத் தடுக்காமல் நடந்து போவார்கள்.

காற்று அப்படியல்ல. நான் சொல்லும் அந்த ஆறு கிழமையும் கச்சான் காற்றுக் காலம். எங்கள் பக்கத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காய்ந்த காற்றுக்கும் கச்சான் என்றுதான் பேர், சரையில் சுற்றி விற்கும் வறுத்த கடலைக்கும் கச்சான் என்றுதான் பேர், இரண்டும் படக்காட்சிக்குத் தவறாமல் வரும். மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றில் அந்த 84 சதுர அடித் துணி கிட்டத்தட்ட 40 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். கமுக மரம் இரண்டை நட்டுக் கயிறு கட்டினால் போதும் என்று நானும் நினைத்திருக்கிறேன். ஒருமுறை படம் தொடங்கி இருபதாவது நிமிடம், திரை பாய்மரம்போல உப்பி, கதாநாயகியின் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, இடது கம்பு மண்ணோடு கிளம்பி வந்துவிட்டது. முன்வரிசையில் பிள்ளைகள் இருந்தார்கள். நல்ல வேளை, கம்பு பக்கவாட்டில் சரிந்தது. அதற்குப் பிறகு நான் திரையைக் காற்றுக்கு முகம் கொடுத்துக் கட்டுவதில்லை. காற்று மேற்கிலிருந்து வந்தால் திரை வடக்கு அல்லது தெற்குப் பார்த்து நிற்க வேண்டும், அப்போது காற்று அதன் விளிம்பைத் தடவிக்கொண்டு போகும். முன்வரிசைப் பாயையும் திரையின் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளிப் போடுங்கள்.

ஆட்கள் போன இரண்டாவது காரணம் சத்தம் என்று சந்தேகிக்கிறேன். "படம் நல்லாத்தான் தெரிந்தது, கதைச்சது விளங்கேல்ல என்று சிலர் சொன்னார்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இது மிக முக்கியம். படம் மங்கினால் சனம் பொறுத்துக்கொள்ளும், பேச்சு விளங்காவிட்டால் எழுந்து போய்விடும். பல படக் கோப்புகளில் ஒலி ஆறு தடங்களாக இருக்கும், உரையாடல் அதில் நடுத் தடத்தில் இருக்கும். மடிக்கணினியிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கு இணைக்கும்போது நடுத் தடம் விடுபட்டுப் போனால் இசையும் சண்டையும் இடிமாதிரிக் கேட்கும், பேச்சு கிணற்றுக்குள் இருந்து வரும். பிளேயரின் ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ என்று மாற்றிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். திருவிழாவுக்குக் கட்டும் புனல் வடிவ ஒலிபெருக்கியைப் பாவிக்க வேண்டாம், அது அடுத்த ஊருக்குக் கேட்கும், முன்னால் இருப்பவருக்கு விளங்காது. பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, திரையின் இரு பக்கமும். கீழ்ச்சுருதியைக் குறையுங்கள். ஆட்கள் வருமுன் கடைசிப் பாய் விழும் இடத்தில் போய் நின்று, படத்தில் ஒருவர் மெதுவாகப் பேசும் காட்சியைப் போட்டுக் கேளுங்கள். அங்கே விளங்கினால் எல்லோருக்கும் விளங்கும். ஜெனரேட்டர் வைத்தால் காற்று போகும் பக்கத்தில், 30 மீற்றராவது தள்ளி, முடிந்தால் ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம்.

சிங்களப் படமோ வேறு மொழிப் படமோ போடும்போது தமிழ் உபதலைப்புக்கு இரண்டு விஷயம். யாராவது பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பைத் தந்தால் திரையில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, முதல் நாளே முழுப் படத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். அப்புறம், பாயில் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் தலை எழுத்தை மறைக்கும், திரையின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 4 அடியாவது உயரட்டும்.

சரி, படங்கள். ஆறில் முதலாவது எல்லா வயதும் சிரிக்கக்கூடியதாக இருக்கட்டும். கனமான படத்தை மூன்றாவதாகப் போட வேண்டாம், நீங்கள் போன வருடம் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். முதல் இரண்டு படம் விருந்தாளியாக வந்து பார்ப்பது, மூன்றாவதில்தான் இது நம்முடைய நிகழ்ச்சியா இல்லையா என்று ஊர் முடிவெடுக்கிறது. கனமானதை ஐந்தாவதாக வையுங்கள், அப்போது உங்களை நம்பி உட்கார்வார்கள். ஆறில் ஒரு படமாவது இலங்கையில் எடுத்த தமிழ்ப் படமாக இருக்கட்டும். தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் 1977இல் ‘பொன்மணி’யை யாழ்ப்பாணத்து வாழ்க்கையை வைத்துத் தமிழில் எடுத்தார் என்பதே எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. நல்ல பிரதி கிடைப்பது கஷ்டம், ஆனால் தேடுவது வீண் இல்லை. ஒரு மாலையை இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எடுத்த குறும்படங்களுக்கு ஒதுக்குங்கள். தன் மகள் நடித்த படம் என்று ஒரு வீடு வந்தால் அந்தத் தெருவே வரும்.

என் அனுபவத்தில் மிக நன்றாக அமைந்த மாலை ஒரு மௌனப் பட மாலை. சார்லி சாப்ளின் 1916, 1917 காலத்தில் எடுத்த குறும்படங்களில் மூன்று, ஒவ்வொன்றும் 25 நிமிடத்துக்குள் முடியும். அந்த ஊரில் வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிக்கும் அண்ணாவியார் ஒருவர் இருந்தார். சத்தத்தை நிறுத்திவிட்டு அவரைத் திரைக்கு ஓரமாக உட்கார வைத்தோம், பக்கத்தில் சல்லரியோடு ஒரு பெடியன். முதல் ஐந்து நிமிடம் அவர் அடிக்கவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்ளின் ஒரு மூலையில் வழுக்கித் திரும்பும்போது கூத்தில் வரவுக்கு அடிக்கும் ஒரு தாளக்கட்டை மெதுவாக எடுத்தார். அதன் பிறகு சாப்ளின் நடந்ததெல்லாம் எங்கள் கூத்துக் களரியில் நடந்ததுபோல இருந்தது. பொலிஸ்காரன் துரத்தும்போது சல்லரி வேகம் பிடிக்க, பின்வரிசைக் கிழவிகள் கைகொட்டினார்கள். தமிழ், சிங்களம், எதுவும் தேவைப்படவில்லை. இதை நீங்களும் செய்யலாம்.

இன்னொரு மாலையையும் சொல்ல வேண்டும். கல்லடிக்குத் தெற்கே, கடலிலிருந்து இருநூறு மீற்றர்கூட இல்லாத வளவு. சிறுவர் படம்தான். நடுவில் ஒரு காட்சியில் கடல் பொங்கிப் படகைத் தூக்கும், ஸ்பீக்கரில் அலைச் சத்தம் பெரிதாக வந்தது. இரண்டாவது பாயில் இருந்த ஒரு அம்மா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினார். செருப்பைக்கூடத் தேடவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். யாரும் என்னிடம் குறை சொல்லவில்லை. அடுத்த நாள் செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் 2004 மார்கழியில் அந்த வீட்டில் யார் யார் போனார்கள் என்று சொன்னார்கள். அந்தப் படத்தை முழுதாகப் பார்க்காமல் போட்டது என் பிழை. இப்போது ஒவ்வொரு படத்தையும் அந்த ஊரில் பிறந்த ஒருவரோடு உட்கார்ந்து முன்கூட்டிப் பார்க்கிறேன். கடல், குண்டுச் சத்தம், காணாமல் போனவர் கதை, இவை இருந்தால் நோட்டீஸிலும் எழுதுகிறோம், தொடங்கும் முன் மைக்கிலும் சொல்கிறோம். அப்படிப்பட்ட படங்களைப் போடவே கூடாதா என்று கேட்டால் எனக்கு ஒரு முடிவான பதில் இல்லை. சிலர் அவற்றைத்தான் பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். தெரிந்து வந்து உட்கார்வதும் தெரியாமல் மாட்டிக்கொள்வதும் ஒன்றல்ல, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அனுமதி விஷயம். இலவசமாகக் காட்டினால் உரிமை தேவையில்லை என்பது பரவலான தப்பெண்ணம். டிஸ்க் வாங்கியதோ, மாதச் சந்தா கட்டியதோ வீட்டில் பார்ப்பதற்குத்தான். ஊரைக் கூட்டிக் காட்டுவது 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் உரிமையாளரின் சம்மதத்துக்கு உட்பட்டது. திரைப்படங்களுக்குப் பாதுகாப்புக் காலம் 70 வருடம். சாப்ளினின் அந்தப் பழைய குறும்படங்கள் அதைத் தாண்டிவிட்டன, ஆனால் பின்னாளில் சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கலாம், மத்தளம் அதற்கும் நல்ல வழி. மற்றப் படங்களுக்கு இயக்குநருக்கோ தயாரிப்பாளருக்கோ எழுதுங்கள்: எந்த நாள், எந்த ஊர், எத்தனை பேர், கட்டணம் இல்லை. எங்கள் குறும்படக்காரர்கள் ஒருவரும் எனக்கு மறுத்ததில்லை. பழைய இலங்கைப் படங்களின் உரிமை யாரிடம் என்று விசாரிக்கத் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்திலிருந்து தொடங்கலாம். இங்கே தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படங்களாகத் தெரிவு செய்தால் ஒரு தலையிடி குறையும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ், மைதானத்துக்குப் பிரதேச சபை, பாடசாலை வளவு என்றால் அதிபரும் வலயக் கல்விப் பணிமனையும். கிராம உத்தியோகத்தரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். டிக்கெட் போட்டால் களியாட்ட வரிக் கதை வரும், போடாதீர்கள்.

தொடக்க நிகழ்வுக்குப் பிரதம அதிதி, பொன்னாடை, உரைகள் என்று முக்கால் மணி நேரம் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், அதை விட்டுவிடுங்கள். பாலுக்கு அழும் பிள்ளையோடு வந்த தாய்க்கு அந்த முக்கால் மணி நேரம் ஒரு படத்துக்குச் சமம். யாரையாவது கௌரவிக்க வேண்டுமானால் பாயில் முன்னால் உட்கார வைத்து ஒரு பிளேன்ரீ கொடுங்கள். அந்த நேரத்தில் ஒரு மலசலகூடத்துக்கு வெளிச்சமும் தண்ணீரும் ஏற்பாடு செய்யுங்கள், பெண்கள் மூன்றாம் கிழமையும் வருவார்கள். படம் முடிந்தபின் கலந்துரையாடல் என்று அறிவித்தால் பாதிப் பேர் எழும்பிவிடுவார்கள். நான் செய்வது, படத்துக்கு முன் ஒரே ஒரு கேள்வி கொடுப்பது: "இந்தத் தகப்பன் ஏன் திரும்பி வரேல்ல எண்டு பாருங்கோ." முடிந்ததும் பாய் சுருட்டும்போது தானாகவே கதை தொடங்கும். மைக் வேண்டாம், நீங்களும் பாய் சுருட்டிக்கொண்டே கேளுங்கள்.

ஒரு கொப்பியில் இரண்டு எண் எழுதி வையுங்கள்: தொடங்கும்போது எத்தனை பேர், இடைவேளைக்குப் பிறகு எத்தனை பேர். இரண்டாவது எண் குறைந்தால் அன்றைய படத்தையோ சத்தத்தையோ பாருங்கள். முதலாவது குறைந்தால் போன கிழமை என்ன நடந்தது என்று பாருங்கள்.

துணித்திரை மஞ்சளாகிவிட்டது, புதிது வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். உங்கள் வாசிகசாலையின் பக்கச் சுவர் தெற்குப் பார்த்தது என்றும் சன்னல் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை உரசித் தேய்த்து, மினுக்கம் இல்லாத வெள்ளைப் பெயின்ற் இரண்டு பூச்சு அடித்து, ஓரத்தைச் சுற்றி ஒரு அடிக்குக் கறுப்புப் பட்டை போடுங்கள். கச்சான் எவ்வளவு அடித்தாலும் சுவர் அசையாது.